வாசிப்புப் பாடவேளை சப்பென்று போகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

"பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆர்வமே இல்லை" என்று, அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்தில் யாராவது சொல்லாத மாதம் கிடையாது. நானும் பல வருடம் அதைச் சொல்லியிருக்கிறேன். கர்நாடக எல்லையை ஒட்டிய தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் 3, 4, 5 வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். மொத்தம் 24 பிள்ளைகள். ஆர்வமில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் செய்ய எதுவும் இருக்காது என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கொட்டாவி விடும் வகுப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், ஒரு பிள்ளைக்குக் கொம்பு எழுத்து தெரியவில்லை, இன்னொன்றுக்குப் புத்தகத் தமிழ் புரியவில்லை, மூன்றாவது அந்தப் பாடத்தைப் போன வாரமே வாசித்து முடித்துவிட்டது. மூன்றுக்கும் மூன்று வேலை.

அதனால் கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வகுப்பில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் இந்த முதல் சோதனையை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

முதல் சோதனை: ஒரு பத்தி, ஒரு பிள்ளை, இரண்டு நிமிடம்

பிள்ளைகள் இதுவரை பார்த்திராத ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வரி போதும். ஒவ்வொருவராக வராந்தாவுக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் காதில் விழக் கூடாது. நீங்கள் திருத்தவும் கூடாது, அதுதான் கஷ்டம். விரல் எந்த எழுத்தில் நிற்கிறது, எந்தச் சொல்லை ஊகித்துச் சொல்கிறது, எங்கே திரும்பிப் போய் வாசிக்கிறது என்று மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒரே கேள்வி: "என்ன நடந்துச்சு, சொல்லு."

பத்தி ஓடவில்லையென்றால் படி இறங்குங்கள். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் (ASER) ஆய்வுக்காரர்கள் வைத்திருக்கும் வரிசை எனக்கு உதவியாக இருக்கிறது: எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. எந்தப் படியில் கால் இடறுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஆறு பேர் என்று வைத்தால் எனக்கு நான்கு நாள் ஆகிறது. அந்த நான்கு நாளும் வீண் என்று தோன்றும். தோன்றினால் தோன்றட்டும், அதற்குப் பிறகு மிச்சமாகும் நாள்கள் எத்தனையோ.

அறிகுறி: கூட்டமாக வாசித்தால் கணீரென்று வருகிறது, தனியாகக் கேட்டால் வாய் திறக்கவில்லை

கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளி 2021 நவம்பர் 1 அன்று மறுபடி திறந்தது. மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் 2020 மார்ச்சில் முதல் வகுப்பை முடிக்கும் தறுவாயில் வீட்டுக்குப் போனவர்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோ முதல் வகுப்பு அறையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. பயந்துகொண்டே தொடங்கினேன். இரண்டு வாரத்தில் மூன்றாம் வகுப்பு ஒரு பாட்டை மொத்தமாக, பிழையில்லாமல் வாசித்தது. அப்பாடா என்று பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன். ஒரு பையன் வேறு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே பாட்டை அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். அல்லது "நாலாவது வரியில மூணாவது சொல்லைத் தொடு" என்று சொல்லுங்கள். விரல் அலைந்தால், பாட்டு காதில் இருக்கிறது, கண்ணுக்கு இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

இதற்காகச் சேர்ந்து வாசிப்பதை நிறுத்திவிட வேண்டாம். கூச்சப்படும் பிள்ளைக்கு அந்தக் கூட்டத்துக் குரல் பெரிய தைரியம். அதே பாட்டின் வரிகளைக் காகிதப் பட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். வரி பிடிபட்டதும் பட்டைகளைச் சொற்களாக வெட்டிவிடுங்கள்.

எங்கள் அறையில் இதைவிட நன்றாக எடுபட்டது தப்பு வரி. பாட்டி வடை சுட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதைக் கரும்பலகையில் எழுதும்போது "காகம் குடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது" என்று எழுதிவிட்டு ஒன்றும் தெரியாதது மாதிரி நிற்பேன். "டீச்சர், குடை இல்ல, வடை!" என்று ஒரே சத்தம். அடுத்த நாள் வடை விடையாகும், அதற்கடுத்த நாள் வலையாகும். ஒரே ஓர் எழுத்துதான் மாறும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது.

ஒரு வாரம் செய்தும் தப்பு வரி பிடிபடவில்லையென்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: தனியாக வாசிக்கிறது, ஆனால் சில எழுத்துகள் வந்தால் வண்டி நின்றுவிடுகிறது

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான்காம், ஐந்தாம் வகுப்பில் சலிப்பு என்று நாம் நினைப்பதில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் போய் எழுத்து சொல்லித் தருவதா என்று நமக்குச் சங்கடம், எழுத்து தெரியாது என்று ஒத்துக்கொள்ளப் பிள்ளைக்குக் கூச்சம். இரண்டு பேருமாகச் சேர்ந்து விஷயத்தை மூடி வைத்துவிடுகிறோம்.

தமிழ் எழுத்து 247 என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, அப்புறம் குறிகள். 216 உயிர்மெய்யில் பெரும்பாலானவை இந்தக் குறிகளைச் சேர்த்தால் தானாக வந்துவிடும். சிக்கல் வருவது மூன்று இடத்தில். உங்கள் நோட்டில் இருக்கும் குறிகளைப் பாருங்கள், அநேகமாக அந்த மூன்றுக்குள்ளேயே இருக்கும்.

முதல் இடம், கொம்பு. கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் பிள்ளை கொம்பைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கும். கொ, கோ இன்னும் மோசம், குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. என் வகுப்பில் ஒரு பையன் "கொடை" என்ற சொல்லை "கெரடை" என்று வாசித்தான். ஏன் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. அவன் கண்ணுக்குத் துணைக்கால் ரகரமாகத் தெரிந்திருக்கிறது. கெ, ர, டை. அவன் பார்த்ததை ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறான். இதே மாதிரி "கௌரி" என்பதைக் "கெளரி" என்று வாசிக்கும் பிள்ளையும் கண்ணில் பட்ட ளகரத்தைத்தான் சொல்கிறது.

இதற்கு விரல்தான் மருந்து. கொம்பைப் பார்த்ததும் "அடுத்த ஆளை முதல்ல கூப்பிடு" என்று சொல்லித் தந்தேன். விரலைக் கொம்பைத் தாண்டி மெய்யெழுத்தின் மேல் வைக்க வேண்டும், அந்த எழுத்துக்கு வலது பக்கம் கால் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும், பிறகு திரும்பி வந்து சேர்த்துச் சொல்ல வேண்டும். கெடு, கொடு. பெட்டி, பொட்டி. மெட்டு, மொட்டு. கால் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று. இந்த மாதிரி இணைகளை மின்னட்டையில் (ஃபிளாஷ் கார்டு) எழுதி தினமும் ஐந்து நிமிடம் காட்டினால் பத்து நாளில் மாற்றம் தெரியும். ரகரத்துக்கும் காலுக்கும் குழப்பம் இருந்தால் கரும்பலகையில் உங்கள் கையெழுத்தையும் கவனியுங்கள். நான் அவசரத்தில் எழுதும்போது இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. ரகரத்தின் அடியில் சாய்கோட்டை அழுத்திப் போட ஆரம்பித்த பிறகு பாதிப் பிழை போய்விட்டது.

இரண்டாவது இடம், உகர வரிசை. இதற்கு ஒரே குறி கிடையாது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொரு குடும்பம். ணு, து, நு, லு, னு, று மூன்றாவது. நெடிலுக்குப் போனால் கூ, சூ இரண்டும் தனித்தனியாக நிற்கும். வரிசையாக கு, ஙு, சு, ஞு என்று ஒப்பிக்கும் பிள்ளை நடுவில் ஒரு எழுத்தைக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், பார்த்திருப்பீர்கள். வரிசையை விட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாகச் சொல்லித் தாருங்கள். பழைய செய்தித்தாளைக் கொடுத்து இன்று இரண்டாவது குடும்பத்து எழுத்துகளை மட்டும் சிவப்பில் வட்டமிடச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பையன்கூட இதைச் சிறுபிள்ளை வேலை என்று நினைக்க மாட்டான், ஏனென்றால் கையில் இருப்பது பெரியவர்கள் படிக்கும் தாள்.

மூன்றாவது இடம் ல, ள, ழ, ர, ற, ண, ந, ன. வாசிக்கும்போது இவை பெரிதாகத் தடுப்பதில்லை, எழுதும்போதுதான் தடுக்கும். வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை ழகரத்துக்காக நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். கதை அறுந்துவிடும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கலாம்.

அறிகுறி: எழுத்தெல்லாம் தெரிகிறது, வாக்கியம் முடிந்ததும் என்ன வாசித்தோம் என்று தெரியவில்லை

முதல் சோதனையில் "என்ன நடந்துச்சு" என்று கேட்டபோது பேந்தப் பேந்த விழித்த பிள்ளைகள் இவர்கள். பிழையில்லாமல் வாசித்திருப்பார்கள். அதனால் இவர்களை நாம் கவனிப்பதே இல்லை.

ஒரு காரணம் வேகம். சொல் சொல்லாக நகர்ந்தால், வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோயிருக்கும். தமிழில் சொல்லே ஒரு ரயில் நீளம் இருக்கும். "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்ற சொல்லை ஒன்பது வயதுப் பிள்ளை எப்படி ஒரே மூச்சில் பிடிக்கும்? இதற்குச் சொல் ஏணி போடுவேன். மரம். மரத்தில். மரத்திலிருந்து. மரத்திலிருந்துதான். ஒவ்வொரு படியையும் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். பாடத்தில் வரும் நீளமான சொற்களை வாசிப்பதற்கு முன்பே கரும்பலகையில் எழுதிக் கோடு போட்டுப் பிரித்துவிடுவேன்: சென்று / கொண்டு / இருந்த / போது. பிரித்து வாசித்துவிட்டுக் கோட்டை அழித்துச் சேர்த்து வாசிப்போம். அந்தச் சொல் பாடத்தில் வரும்போது பழகிய முகம் மாதிரி இருக்கும்.

ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் வேகத்துக்கு நல்லது. ஆனால் வெறுமனே "இன்னொரு தடவை" என்றால் யாருக்கும் பிடிக்காது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வேலை வேண்டும். திங்கள் கதை தெரிவதற்காக, செவ்வாய் பாட்டி குரலில், புதன் பேச்சு வரும் இடத்தை மட்டும் இரண்டு பேராக, வியாழன் முதல் வகுப்புக்குப் போய் வாசித்துக் காட்ட. நான்கு நாள் வாசித்ததே தெரியாது.

இன்னொரு காரணம் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். எங்கள் ஊரில் இது இரட்டிப்பு. என் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம், சிலர் தெலுங்கு. பாடத்தில் "கேழ்வரகு" என்று வந்தது. அழகாக வாசித்தார்கள். அது என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க ராகி விளைந்து நிற்கிறது. அன்றைக்கு ராகியும் கேழ்வரகும் ஒன்றுதான், களி கிண்டுவது அதில்தான் என்று பேசியே பாடவேளை போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தப் பாடத்தையும் சொற்களைப் பேசிப் பார்க்காமல் திறப்பதில்லை.

கரும்பலகையில் மொழிக்கு ஒன்றாக மூன்று நெடுவரிசை போட்டு வைத்திருக்கிறேன். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பூ, ஹூவு. தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாகிறது என்று நான் சொல்லவில்லை, நான்காவது சொல்லில் ஒரு பெண் பிள்ளையே எழுந்து சொன்னாள். மூன்றாவது வரிசைக்குத் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் வந்து "எங்க வீட்ல புலி புலிதான்" என்றார்கள். வீட்டு மொழி வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று நினைத்து வாயை மூடியிருந்த பிள்ளைகள் அன்று ஓயாமல் பேசினார்கள். திருப்பூர்ப் பக்கம் இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

பாடத்தை முதலில் பேச்சுத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். அடுத்து அதையே புத்தக நடையில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அதற்கப்புறம்தான் பிள்ளைகள் கையில் புத்தகம். "வந்துக்கிட்டிருக்காங்க" என்று காதுக்குத் தெரிந்த பிறகு "வந்துகொண்டிருக்கிறார்கள்" கண்ணுக்கு அந்நியமாக இருக்காது.

அறிகுறி: ஒருவர் வாசிக்கிறார், மற்றவர்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 நிமிடப் பாடவேளை, 24 பிள்ளைகள். வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி என்றால், ஒரு பிள்ளை வாசிப்பது 100 வினாடி. மீதி 38 நிமிடத்துக்கு மேல் அடுத்தவர் தடுமாறுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அல்லது தன் பத்தி எது என்று எண்ணிப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க வேண்டும். நானாக இருந்தாலும் ஜன்னலைத்தான் பார்ப்பேன்.

இணையாக வாசிக்க வையுங்கள். 12 வாய் ஒரே நேரத்தில் வாசிக்கும், பத்து நிமிடத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்துவிடும். இணை சேர்ப்பதில் மட்டும் கவனம். முதல் ஆளையும் கடைசி ஆளையும் சேர்த்தால் ஒருவருக்கு எரிச்சல், இன்னொருவருக்கு அவமானம். வாசிப்பில் 1 முதல் 24 வரை உங்கள் நோட்டில் வரிசைப்படுத்திக்கொண்டு, 1-ஐ 13-உடனும் 2-ஐ 14-உடனும் இப்படியே 12-ஐ 24-உடனும் சேருங்கள். பட்டியல் பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது. கேட்கும் பிள்ளைக்கும் வேலை உண்டு: பக்கத்தின் முடிவில் ஒரு கேள்வி கேட்க வேண்டும், இணை தடுமாறினால் மூன்று எண்ணும் வரை பொறுத்துவிட்டுத்தான் சொல்லித்தர வேண்டும்.

சத்தம் வரும். பக்கத்து அறையிலிருந்து புகாரும் வரும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் "வகுப்பைக் கட்டுக்குள் வைக்கத் தெரியவில்லை" என்று பார்வையிட வந்த அதிகாரிகள் பார்வைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டே போனார்கள். அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. இப்போது யாராவது பார்க்க வந்தால் ஓர் இணையின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்கிறேன்.

அறிகுறி: கேள்விக்குச் சரியான பதில் வருகிறது, ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை

இந்தச் சோதனையை நீங்களே உங்களுக்குச் செய்து பாருங்கள். "கொப்பிலி மண்டாரத்தில் துவிட்டது." கொப்பிலி எங்கே துவிட்டது? மண்டாரத்தில். மண்டாரத்தில் துவிட்டது எது? கொப்பிலி. இரண்டுக்கும் முழு மதிப்பெண். நாம் கேட்கும் கேள்விகளில் எத்தனை இந்த ரகம் என்று போன வார நோட்டை எடுத்துப் பார்த்தபோது எனக்கு மனசே சரியில்லை.

கதையை முடிவுக்கு முன்னால் நிறுத்துங்கள். நரி பாடச் சொல்லிவிட்டது, காகம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தை மூடுங்கள். "இப்ப என்ன செய்யும்? ஏன்?" பதில் புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றாவது வேண்டும், அதில் இரண்டு கட்சி உருவாக வேண்டும். காகம் வடையை எடுத்தது திருட்டா? பசித்த வாய்க்கு எடுத்தது என்று ஒரு பக்கம். பாட்டி விற்கத்தானே சுட்டாள், அவளுக்கு நஷ்டம்தானே என்று இன்னொரு பக்கம். பாட்டி வைத்திருந்த மாவு எவ்வளவு, ஒரு வடை எவ்வளவுக்கு விற்றாள் என்று ஐந்தாம் வகுப்பு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. தன் கட்சிக்கு ஆதாரம் வேண்டுமென்று ஒரு பையன் யாரும் சொல்லாமலே புத்தகத்தைத் திறந்து மறுபடி வாசித்தான்.

அறிகுறி: நான்கைந்து பேர் முன்கூட்டியே முடித்துவிட்டு வம்பு செய்கிறார்கள்

பாடப்புத்தகம் அவர்களுக்குப் போதவில்லை. அவ்வளவுதான் விஷயம். பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சல் இதழ் 4, 5 வகுப்புகளுக்கென்றே வருகிறது, அலமாரியில் வைக்காமல் கையில் கொடுங்கள். அதே துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று படிகள் இருக்கின்றன, "பற" இவர்களுக்கானது. ஒரு விஷயம்: முடித்துவிட்டாய் என்பதற்காக எப்போதும் மற்றவருக்குச் சொல்லித்தர அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் தானாக ஒரு மூலையில் உட்கார்ந்து வாசிக்கும் சுகம் வேண்டும்.

அறிகுறி: புத்தக மூலை இருக்கிறது, யாரும் போவதில்லை

முதுகு மட்டும் தெரிகிற மாதிரி அடுக்கியிருக்கிறீர்களா, பாருங்கள். அட்டைப் படம் தெரிய வேண்டும். சுவர் முழுக்கக் கயிறு கட்டிப் புத்தகங்களைத் துணி காயப்போடுகிற மாதிரி தொங்கவிட்டேன், செலவு ஒரு கயிறுதான். பிள்ளை கை எட்டும் உயரம் முக்கியம். பதிவேட்டை ஐந்தாம் வகுப்பிடம் ஒப்படைத்துவிட்டேன்.

கிழிந்துவிடும், தொலைந்துவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. கிழிந்தது, தொலைந்தது. பசையும் பழைய செய்தித்தாளும் வைத்து வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகளே ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது வாசித்துவிட்டுத்தான் ஒட்டுகிறார்கள்.

அப்புறம், காலையில் ஐந்து நிமிடம் ஒரு புத்தகத்தை எடுத்து நீங்கள் வாசியுங்கள். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்தி, கயிற்றில் மாட்டிவிடுங்கள். இடைவேளையில் அந்தப் புத்தகத்துக்குச் சண்டை வரும்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, ஒரே ஒரு பிள்ளை மட்டும் நகரவில்லை

இங்கே பாட முறையை மாற்றிப் பயனில்லை, பிள்ளையைப் பாருங்கள். புத்தகத்தை முகத்துக்கு எவ்வளவு அருகில் வைக்கிறது? கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறதா? பின்னாலிருந்து பெயர் சொன்னால் திரும்புகிறதா? பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பிள்ளையின் பெயரைத் தனியாகச் சொல்லி வையுங்கள். சாப்பிட்டதா, தூங்கியதா என்று கேளுங்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த பிறகு, வாசிப்பை முதல் பாடவேளைக்கு மாற்றினேன். அதற்கு முன்பு பதினொரு மணிக்கு மேல்தான் சில பிள்ளைகளுக்கு உயிர் வரும்.

கண்ணும் காதும் வயிறும் சரி, வாயால் கதை சொன்னால் பிரமாதமாகச் சொல்கிறது, எழுத்தைப் பார்த்தால் மட்டும் திணறுகிறது என்றால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதை முடிவு செய்வது நம் வேலை இல்லை. வட்டார வளமையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. உதவி கேட்பது அந்தப் பிள்ளையின் உரிமை. "சோம்பேறி" என்ற சொல்லை மட்டும் அந்தப் பிள்ளை காதில் விழ விடாதீர்கள். நான் ஒரு பிள்ளையிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். பல வருடமாகியும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

அறிகுறி: ஆசிரியருக்கே அலுத்துவிட்டது

அதே பாடம், அதே ஜூலை, இத்தனையாவது வருடம். பிள்ளைகளுக்குப் புதிது, நமக்கு இல்லை. குரலில் அது தெரிந்துவிடும்.

எனக்கு இதிலிருந்து வழி காட்டியது யானை. ராகி முற்றும் காலத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா பக்கமிருந்து எங்கள் காட்டுக்குக் கூட்டமாக வரும். ஒரு நாள் காலை பிள்ளைகள் யாரும் புத்தகத்தைத் திறக்கிற நிலையில் இல்லை. சரி என்று பெரிய தாளை விரித்து, "சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றேன். சொன்னது சொன்னபடி எழுதினேன்.

"நேத்து ராத்திரி ஆனை வந்துச்சு. எங்க ராகியெல்லாம் மிதிச்சுப்போட்டுச்சு. அப்பா பட்டாசு கொளுத்துனாரு. குட்டி ஆனை பயந்து அம்மா காலுக்குள்ள போயிடுச்சு."

வாசிக்கச் சொன்னேன். "கெரடை" என்று வாசித்த அதே பையன் நாலு வரியையும் வாசித்தான். அவனுடைய வயல், அவன் சொன்ன வாக்கியம், அடுத்த சொல் என்ன என்று அவனுக்குத் தெரியும். "கொளுத்துனாரு" வந்தபோது விரல் கொம்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தேன். அடுத்த நாள் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டி, இதையே புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள் என்று கேட்டேன். வந்துச்சு, வந்தது. கொளுத்துனாரு, கொளுத்தினார். ஆனை, யானை. எல்லாவற்றையும் அவர்களே மாற்றினார்கள். "அம்மா காலுக்குள்ள" என்பதை மட்டும் மாற்றக் கூடாது என்று வாக்கெடுப்பு நடத்தி வைத்துக்கொண்டார்கள்.

வாரத்துக்கு ஒரு தாள் என்று அதைத் தொடர்கிறேன். தக்காளி விலை இறங்கிக் கொட்டிய நாள், பள்ளிக்கூடத்துக் கூரையில் பாம்பு, யாரோ ஒருத்தியின் அக்கா கல்யாணம். தாளின் பின்னால் தேதியும் சொன்னவர் பெயரும் எழுதி, கோணி தைக்கும் ஊசியால் தைத்துக் கயிற்றில் தொங்கவிடுகிறோம். என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரியாததால் எனக்கும் திங்கட்கிழமை காலையில் சீக்கிரம் போக வேண்டும் போல இருக்கிறது. ஜூன் மாதம் புதிதாக மூன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடத்துக்கு முன்னால் யானைத் தாளைத்தான் விரிக்கிறேன். அதைச் சொன்ன பையன் இப்போது எட்டாம் வகுப்பு. அவன் தங்கை போன வருடம் அதை வாசித்துவிட்டு, குட்டி யானை அப்பாவைத் தாண்டி ஓடியதை அண்ணன் சொல்லாமல் விட்டுவிட்டான் என்று அடியில் ஒரு வரி சேர்த்து எழுதினாள்.